மூன்று பலாமரங்களும் என் பூஜ்யங்களும்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பலாமரங்களுக்கு வம்சாவளி போட்டுக்கொண்டிருந்தேன். இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஜெல்லில் ஓட்டிப் படம் பிடித்தால், ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைக் கோடுகள் தெரியும். கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அவற்றை வரிசையாகத் தட்டிக் கொடுத்தால், எந்த மரம் எதற்குச் சொந்தம் என்று கம்ப்யூட்டர் கிளை கிளையாக வரைந்து தரும். மரத்தின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டினால் அந்த மென்பொருளுக்குக் கோபம் வந்துவிடும். கோபத்தில் எனக்கும் அதற்கும் நல்ல பொருத்தம்.

இலை பறித்து வருவது தொம்மலூரிலிருந்து வரும் அக்கா. தினக்கூலி வேலை. பஸ் பிடித்துப் போய், மரத்துக்காரர்களிடம் கன்னடத்திலோ தமிழிலோ பேசிச் சிரித்து, இலையோடு அவர்கள் வீட்டு முருங்கைக்காயையும் வாங்கி வந்துவிடுவார். அதில் பாதி எனக்கு. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் கம்ப்யூட்டர் வரைந்த படத்தில் தொம்மலூர், பிரேசர் டவுன், சந்தாபுரா மரங்கள் மூன்றும் கூடப்பிறந்தவை போல ஒரே கிளையில் வந்து நின்றன. மூன்றும் அக்கா ஒரே மழைநாளில் பறித்தவை. சந்தாபுரா வரை யார் அலைவது என்று, வீட்டுப் பக்கத்து மரத்திலேயே பறித்து மூன்று பொட்டலம் கட்டிவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். அவரிடம் கேட்கவில்லை. நேரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து அந்த அம்மா வரவேண்டாம் என்றார் அவர்.

விஷயம் தெரிந்ததும் அக்கா அழவில்லை. "நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூட வாங்க மேடம். நான் சும்னே கதை விடுறவ இல்ல" என்றார்.

மறுநாள் மூன்று இடத்துக்கும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனார். மூன்று மரத்திலும் அடையாளத்துக்கு அவருடைய பழைய பச்சைப் புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. சந்தாபுராவில் மரத்துக்கார அம்மா எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். "ஏம்மா, அன்னிக்கு மழையில தொப்பலா நனைஞ்சு நின்னியேன்னு குடை குடுத்தேனே, எங்க அது?" அக்கா பையிலிருந்து குடையை எடுத்து நீட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்து ஜெல் படங்களை எடுத்துப் பார்த்தேன். பல படங்களில் அந்த மூன்று மரத்துக்கும் ஒரு கோடுகூட விழவில்லை. அந்த மூன்றில் மட்டும் நீங்காமல் நின்ற பலா இலையின் பிசுக்கு டி.என்.ஏ.வைக் கெடுத்திருந்தது; சோதனையே நடக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கேள்விக்குறி போடவேண்டும். அவசரத்தில் நான் பூஜ்யம் பூஜ்யமாகத் தட்டியிருந்தேன். இத்தனை பூஜ்யம் ஒன்றுபோல இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் மூன்றையும் உறவாக்கிவிட்டது. திருத்தி ஓட்டியதும் மூன்றும் மூன்று கிளைக்குப் போய்விட்டன.

பேராசிரியரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, வயிறு நிறையத் திட்டு வாங்கினேன். அக்காவின் வேலை நிலைத்தது. நடந்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியலன்னா தெரியலன்னு போட அந்த மிஷின்லயே வழி இருக்கு. என் விஷயத்துல உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல மேடம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கணும்க்கா" என்றேன்.

அதன்பிறகு நான் அங்கிருந்த நாள்வரை, இலைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு உடனே போகமாட்டார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி நிற்பார். "ஏதாவது கேக்கணுமா மேடம்?"

கேட்க ஒன்றும் இல்லாத நாளிலும் நான் ஏதாவது கேட்பேன்.