இருபத்தைந்தாவது மாவட்டம்

குருநகர்க் கரையோரமாக விடிகிற நேரத்தில் குடையை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடினால், அது மக்டலீன்தான். வானத்தில் மழை இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை, குடை ஊராருக்காக. நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வெறுங்கையோடு ஓடினால் யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர் மறித்து, "ஆருக்கு என்ன?" என்று கேட்பார்கள். குடையும் தோளில் ஒரு பையும் இருந்துவிட்டால், பஸ் பிடிக்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். அதிலும் ஒரு கரைச்சல் உண்டு. எங்கள் பஸ்காரர்கள் இரக்கமுள்ளவர்கள். கொண்டக்டர் மணியடித்து நிறுத்தி, "ஓடி வாங்கோ அக்கா, நிக்கிறம்!" என்று கூப்பிடுவான். "நான் உதிலை வரேல்லைத் தம்பி" என்று சொல்லிக்கொண்டே அவள் பஸ்ஸைக் கடந்து போய்விடுவாள். ஒருநாள் ஒரு பஸ்ஸை அடுத்தடுத்து மூன்று தரிப்பிடங்களில் முந்தினாள் என்று குருநகரில் ஒரு கதை இருக்கிறது. பஸ் பழுது என்பதைக் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை.

அவளுக்கு வேலை நண்டுக் கொம்பனியில். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதை சிதையாமல் எடுத்துத் தட்டில் அடுக்க வேண்டும். எட்டு மணித்தியாலமும் நின்ற நிலைதான். மற்றப் பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். மக்டலீன் மட்டும் குதிக்காலை உயர்த்துவதும் இறக்குவதுமாக, மேசைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் மலை ஏறிக்கொண்டிருப்பாள். காலில் கிடக்கும் ஓட்டச் சப்பாத்தைப் பற்றிக் கேட்டால், "கொம்பனியிலை தந்தது" என்பாள். கொம்பனி தந்தது ஒரு மேலங்கியும் தொப்பியும் மாத்திரமே.

இலங்கையில் மாவட்டங்கள் இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் ஒரு முழு மரதன் ஓடுவதென்று ஏழு வருடத்துக்கு முன்னர் அவள் தனக்குத்தானே சபதம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு கிலோமீற்றர்; அதன்மேல் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீற்றர்; ஆறு மணித்தியாலத்துக்குள். நாலு இடத்தில் முறையான போட்டி நடந்தது. மற்ற இடங்களில் அவளும் கைமணிக்கூடும்தான். ஓடி முடித்த மாவட்டத்தைப் பள்ளிக்கூடத் தேசப்படம் ஒன்றில் நிறந்தீட்டி, வீட்டில் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். மட்டக்களப்பில் இரண்டு நிமிடம் பிந்திவிட்டது. பார்க்க ஆளில்லை, கேட்க ஆளில்லை. ஆனாலும் நிறம் தீட்டாமல் விட்டு, அடுத்த வருடம் திரும்பிப் போய் ஓடிவிட்டு வந்தாள். பொலன்னறுவையில் ஒரு யானை கூடவே ஓடி வந்ததாம். அரை மைலில் களைத்துப்போய் நின்றுவிட்டதாம். கண்டியில் ஏற்றத்தில் மூச்சு வாங்கிய ஒரு பெட்டை, "ஏன் அன்ரி இந்த வயசிலை ஓடுறியள்?" என்று கேட்டாள். "இருந்து பாத்தன் பிள்ளை, சரிவரேல்லை" என்றாள் மக்டலீன்.

இவ்வளவும் புருசன் லெனாட்டுக்குத் தெரியாது. கடற்தொழில் செய்கிறவன், கை நீளாத மனுசன், வாய்தான் நீளம். முந்தி ஒருநாள் தொலைக்காட்சியில் பெண்கள் றோட்டில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "வீட்டிலை கேட்க ஆளில்லாததுகள்" என்றான். அன்றைக்கே மக்டலீன் வாயைப் பூட்டிக்கொண்டாள். அவனுக்குச் சொன்னதெல்லாம் நேர்த்திக்கடன். மன்னாருக்கு மடுமாதா, புத்தளத்துக்கு அன்னம்மாள், மொனராகலைக்கு ஓர் அந்தோனியார். "உந்த அந்தோனியாருக்கு எத்தினை கோயிலடி?" என்று அவன் ஒருமுறை கேட்டான். அவள் பொய்யில் காற்பங்குதான் பொய். ஓட்டம் முடிந்ததும் அந்தந்த ஊரில் ஒரு கோயிலைத் தேடி, அவன் பேரில் மெழுகுதிரி கொளுத்தாமல் பஸ் ஏறியதில்லை.

இருபத்து நாலுக்கும் நிறம் வந்துவிட்டது. வெள்ளையாய்க் கிடந்தது யாழ்ப்பாணம் மட்டும். சொந்த ஊரில் எந்தக் கோயிலைச் சொல்லித் தப்புவது?

தை மாதச் சனிக்கிழமை ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். கோயிலடிச் சந்தியிலிருந்து கீரிமலைக்குப் போய்த் திரும்பினால் சரியாக நாற்பத்திரண்டு. மிச்ச நூற்றுத் தொண்ணூற்றைந்து மீற்றரை லெனாட்டின் கயிற்றாலேயே அளந்து வைத்திருந்தாள். சந்தியிலிருந்து ஒழுங்கை வழியே தன் வீட்டுப் படலை வரை நூற்றேழு பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்; கடற்காரர் வீட்டில் நீளம் பார்க்கிற கணக்கு அதுதான். லெனாட் கடலால் வந்து மீன் விற்று வீடு சேர மத்தியானமாகும். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம்.

அவள் இணுவில் தாண்டுகிறபோது வாடைக்காற்று எழும்பியது. முகத்துக்கு நேரே அடித்தது. இந்தக் காற்றுக்கு வள்ளங்கள் கடலில் நில்லாது என்பது அவளுக்குத் தெரியும். லெனாட் இப்போதே கரைக்குத் திரும்பியிருப்பான். திரும்பிப் போகலாமா என்று ஒரு தந்திக்கம்பம் தொடக்கம் அடுத்த கம்பம் வரை யோசித்தாள். கால் நிற்கவில்லை.

கீரிமலையில் கேணித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துவிட்டுத் திரும்பினாள். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களோடு நின்ற ஐயர் ஒருவர், பிந்தி ஓடி வருகிறாளாக்கும் என்று பரிதாபப்பட்டு, "உங்கடை ஆக்கள் அந்தப் பக்கம் பிள்ளை" என்று கைகாட்டினார்.

சுன்னாகத்தில் பிடிபட்டாள். உரும்பிராய்ப் பஞ்சலிங்கம், லெனாட்டிடம் கிழமைக்குக் கிழமை மீன் வாங்குகிற மனுசன், மரக்கறி மூட்டைகளோடு ஓட்டோவில் வந்து அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்டினார்.

"தங்கச்சி! எங்கையிருந்து உந்த ஓட்டம்?"

"கீரிமலையிலையிருந்து."

"கீரிமலையோ? நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு அங்கை என்ன? ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் போங்கோ."

"ஏறும் பிள்ளை. மூட்டையைத் தள்ளி விடுறன். இந்த நிலைமையிலை ஓடலாமே?"

இரண்டு கிலோமீற்றருக்கு அவர் விடவில்லை. பின்னால் வந்த லொறி ஹோர்ண் அடித்தது. அவள் ஏறவில்லை, ஏறினால் ஏழு வருடமும் பாழ். ஒண்டுமில்லை என்று ஒருத்தி இத்தனை தரம் சொன்னால் அங்கே ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்பது பஞ்சலிங்கத்தின் முடிவு. ஓட்டோவை ஓரங்கட்டி லெனாட்டுக்குப் போன் எடுத்தார். ஒன்றில் செத்த வீடு, இல்லாவிட்டால் மூளையில் பிசகு. இரண்டையும் சொன்னார்.

கொக்குவிலில் மக்டலீனின் பைக்குள் போன் அடித்தது. ஓடிக்கொண்டே எடுத்தாள்.

"எங்கை நிக்கிறாய்?"

"நிக்கேல்லையப்பா."

காற்று இரைந்தது. அவளுடைய மூச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பஞ்சலிங்கத்தார் சொன்னது மெய்யோ?"

"ஓம். ஓடுறன். வீட்டை வந்துதான் நிப்பன்."

பிறகு குரல் இறங்கி வந்தது. "அப்ப, உந்த இருபத்து நாலு கோயிலும்?"

"கோயிலுக்குப் போனனான். எல்லாத்துக்கும் ஓடித்தான் போனனான்."

போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஐந்து கிலோமீற்றருக்கு அவள் காலை நினைக்கவில்லை. இடது சப்பாத்துக்குள் ஈரமாக இருந்ததையும் பார்க்கவில்லை.

கோயிலடிச் சந்திக்கு வந்தபோது மணிக்கூட்டில் ஐந்து மணித்தியாலமும் ஐம்பத்தாறு நிமிடமும். ஒழுங்கை மதிலோரமெல்லாம் சனம். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, செத்தது ஆரென்று தெரியாமலே ஒரு பானை தேத்தண்ணி ஊற்றி முடித்திருந்தாள். எல்லோரும் ஒழுங்கை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே குறுக்கே வலை கிடந்தது.

கிழிந்த வலையை லெனாட் பொத்துவது கரையில், வாடிக் கொட்டிலில்தான். இன்றைக்கு இந்த மதிலுக்கும் அந்த மதிலுக்கும் இடையில் முழு வலையையும் விரித்து, நடுவில் குந்தியிருந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தான். பெண் தாண்டிய வலையில் மீன் படாது என்பது அவன் தகப்பன் காலத்து நம்பிக்கை. லூர்த்தம்மாவின் பெட்டைக் கோழி தாண்டியதற்கே மூன்று நாள் கடலுக்குப் போகாதவன். சேவல் தாண்டினால் பிழையில்லையாம்.

மக்டலீன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி ஓடினாள். சுற்றிப் போகிற ஒழுங்கை தூரம், நேரம் காணாது. தாண்டிக் குதித்தால் நிறம் தீட்டலாம், பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாது. ஐந்து ஐம்பத்தேழு. லெனாட் தலை நிமிரவில்லை. ஒரு கண்ணி போட்டு முடிச்சை இறுக்கினான்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்று வலையைப் பார்த்தே கேட்டான்.

"நூற்றேழு பாகம்."

ஊசி நின்றது. "ஆருடைய கயிற்றாலை அளந்தனி?"

"உங்கடை கயிற்றாலை."

மதிலோரம் ஆரோ சிரிக்கத் தொடங்கி, இருமி அடக்கினார்கள். லெனாட் நிமிர்ந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. இடது சப்பாத்தின் நுனியில் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. மணிக்கூட்டில் அது அரை நிமிடந்தான்.

"குடையை இஞ்சை தா. வலையிலை கொழுவும்."

வாங்கி மதிலோரம் சாத்தினான். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து, வலையின் மேல்கயிற்றையும் கீழ்க்கயிற்றையும் சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி, கீழால் ஓர் ஆள் ஓடிப்போகத் தலைக்கு மேலே எட்டுமட்டும் உயர்த்திப் பிடித்தான்.