பதின்னா பத்து!

கட்டிங் கிரைண்டர் பழைய தகட்டைத் தொட்டதும் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள்... கருகின பெயின்ட், துரு, அதோடு என்றைக்கோ நசுங்கிக் காய்ந்துபோன தக்காளி. உத்தனப்பள்ளி முனிராஜு அண்ணனின் பழைய பிக்கப் வண்டி அது. எனக்கு இன்றைக்கும் அதுதான் ஜெயித்த வாசனை. சிரிக்காதீர்கள்.

நானும் வெங்கடேஷும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் பிடித்த புதுசு. கம்பெனியில் நான் தகடு அமுக்கும் பிரஸ் ஷாப், அவர் வெல்டிங். அங்கேயே பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். நான் மானாமதுரைக்காரி, அவர் வீட்டில் தெலுங்கு. ரசம் வைக்கவும் சண்டை போடவும் தேவையான அளவு தெலுங்கு எனக்கு வந்திருந்தது. அதற்கு மேல் இல்லை.

ஷெட்டுக்கு வந்ததெல்லாம் கேட்டுக்குக் கீல், ஜன்னலுக்குக் கம்பி... "புருஷனும் பொண்டாட்டியும் சீக்கிரமே ஷிப்டுக்குத் திரும்பி வந்துடுவாங்க, பாரு" என்று பழைய கம்பெனியில் பந்தயமே கட்டியிருந்தார்களாம். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் முனிராஜு அண்ணன் வந்தார்.

அவருடைய அப்பா ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிய வண்டி. இப்போது லோடுக்கு வேறு வண்டி இருக்கிறது, இதை ஆசைக்கு ஓட்ட வேண்டும். ஆனால் ஊர்ச் சந்தில் திருப்பினால் பின்பக்கம் சுவரில் இடிக்கிறது. அடிச்சட்டத்தை ஏற்கெனவே ஒரு லாரிப் பட்டறையில் குட்டையாக்கி வாங்கிவிட்டார். மேலே உட்காரும் தொட்டியையும் அதே அளவுக்குக் குறைத்துத் தர வேண்டும்.

"இந்த மாடலுக்கு எங்கியும் தகடு கெடைக்காதும்மா. கெட்டுப்போச்சின்னா என் கண்ணுல காட்டாதீங்க. அப்படியே காயலான் கடைக்கு அனுப்பிடுங்க" என்றார்.

இந்த வேலை நன்றாக வந்தால் ஷெட் நிற்கும். கெட்டால் மறுபடியும் ஷிப்டு. எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

வெங்கடேஷ் வண்டிக்கு அடியில் படுத்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். நான் மேலே, இடதுபக்கத் தகட்டுக்கு முன்னால், கையில் கிரைண்டரோடு. பக்கத்து ஷெட்டில் காது கிழிகிற மாதிரி சுத்தியல் சத்தம்.

"எம்புட்டுங்க எடுக்கணும்?"

அடியிலிருந்து பதில் வந்தது. "பதி தீசெய்!"

அவசரம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். தீசெய் என்றால் எடுத்துவிடு, அது எனக்குத் தெரியும். எனக்குக் கேட்டது "பாதி". சரி, சக்கர வளைவுக்கு முன்னால் இருக்கும் தகட்டில் பாதி போலிருக்கிறது என்று அளந்தேன், கோடு போட்டேன், வெட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, நூல் பிடித்த மாதிரி வெட்டு!

அவர் வெளியே வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏமே... பதின்னா பத்துமே! பத்து இஞ்ச்!"

"அதத் தமிழ்ல சொன்னா வாய் வலிக்குமாக்கும்?"

"தெலுங்கு வீட்டுக்கு வந்து இத்தன வருசம் ஆச்சு, பதி தெரியாதா உனக்கு?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன..."

"ஏமே, தொட்டிக்குச் சாணும் மொழமும் ஒண்ணா?"

தப்பு யாருடையது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. (அவருடையதுதான்.)

வெட்டிய துண்டையே திரும்ப ஒட்டலாமென்றால், அதன் அடிப்பக்கம் துரு தின்று அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பத்துக்கு மேல் போன அளவுக்குப் புதுத் தகட்டில் ஒரு பட்டை செய்தே ஆக வேண்டும். தொல்லை என்னவென்றால், அந்தத் தொட்டியின் பக்கவாட்டில் நீளமாக இரண்டு வரி புடைத்துக்கொண்டு ஓடும். பட்டையிலும் அதே வரி, அதே உயரத்தில் வர வேண்டும். கம்பெனியில் இருந்தவரை அச்சில் ஒரே அமுக்கு, வரி விழுந்துவிடும். இங்கே அச்சுக்கு எங்கே போவது? புளியங்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். முதல் பட்டையில் வரி கோணிக்கொண்டது. தூக்கிப் போட்டேன். அடுத்தது அப்படியே அண்ணன் தம்பி மாதிரி பொருந்தியது.

மெல்லிய தகடு, சூடு ஏறினால் நெளிந்துவிடும். அவர் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பார், நான் உடனே ஈரத் துணியை ஒற்றுவேன். அடுத்த பொட்டு தள்ளி வேறு இடத்தில். கோபத்தில் இரண்டு பேரும் பேசவில்லை. "ம்" என்பார், பிடிப்பேன். "ம்" என்பார், விடுவேன். எந்த மொழியிலும் ம் என்றால் ம்தானே, அதனால் ஒரு தப்பும் வரவில்லை.

வலதுபக்கத்தைச் சரியாகப் பத்து அங்குலம் எடுத்துச் சேர்த்தோம். பிறகு தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தோம். அண்ணன் வருகிற அன்று நான் சொல்லிவிட்டேன், நடந்ததைச் சொல்லித்தான் வண்டியைக் கொடுப்பேன் என்று.

"ஒட்டு தெரியலேன்னா எதுக்கு சொல்றேமே?" என்றார் இவர்.

"தெரியுதான்னு பாக்கத்தேன்."

சொன்னேன். ஒரு பக்கத்தில் தப்பாக வெட்டிவிட்டோம், புதுப் பட்டை வைத்திருக்கிறோம், எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அண்ணன் முகம் இறுகிவிட்டது. இடதுபக்கத்தைத் தடவினார். வலதுபக்கம் போனார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தார்.

கடைசியில் வலதுபக்கத்தை ஓங்கித் தட்டினார். "இதுதாம்மா! இங்க லேசா மேடு தட்டுது!"

வெங்கடேஷ் முதலில் சிரித்தார். அப்புறம் நான். விஷயம் புரிந்ததும் முனிராஜு அண்ணன் சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டிருக்கும். அந்த வண்டியிலேயே கெலமங்கலம் வரை போய், பார்க்கிறவர்களையெல்லாம் "தடவிப் பாரு, சொல்லு பாக்கலாம்" என்று நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கீல் வேலை செய்ய நேரமே இல்லை.

இப்போது ஷெட் பெரிசு. லேசர் கட்டிங் மெஷின் இருக்கிறது. அளவெல்லாம் போனிலேயே டிராயிங்காக வந்துவிடுகிறது, யாரும் யாரையும் பார்த்துக் கத்த வேண்டியதில்லை. நல்லதுதான்... ஆனால் ஒரே தகட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்று எவ்வளவு காலமாயிற்று! அவர் சைட்டில், நான் கொட்டேஷனில். நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம், நாங்கள் விட்டுவந்த அதே கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏதோ மெஷினுக்குத் தகட்டில் மூடி செய்ய வேண்டுமாம். கேட்டில் புது செக்யூரிட்டி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆள் எடுக்கறது நாளைக்குத்தாம்மா" என்றார்.

"எடுக்கட்டும்ண்ணே. நான் வேலை எடுக்க வந்திருக்கேன்" என்றேன்.