வைத்தியர் பூட்டிவைத்த பை

"...அப்புறம் சுக்குப்பொடி, சூரணம், லேகியம், இது போக இங்கிலீஷ் மாத்திரை! இம்புட்டையும் ஒரே வயித்துலயா போட்டீக?" என் பையை மேசையில் கவிழ்த்துச் சிரித்தார் திருப்பரங்குன்றத்துச் சித்த மருத்துவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடமாக வயிற்றில் எரிச்சல். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை மட்டும் தந்தார். புற்றுநோயோ என்ற பயத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதைக்கூட விடாமல் விழுங்கினேன். ஒருவர் தந்ததை இன்னொருவரிடம் சொன்னதே இல்லை.

"டாக்டர் மாத்திரைய மட்டும் போடுங்கக்கா. மத்தது என்கிட்ட இருக்கட்டும்" என்று பையைப் பீரோவில் பூட்டினார்.

ஒரே மாதத்தில் எரிச்சல் அடங்கியது. இப்போதெல்லாம் நான் சாப்பிடும் மருந்துகளைச் சீட்டில் எழுதி, எந்த மருத்துவரிடமும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். போன வாரம் இந்தச் சித்த மருத்துவரிடமும் நீட்டினேன். அதில் ஒரே வரிதான், டாக்டர் மாத்திரை. படித்தவர் எழுந்து பீரோவைத் திறந்து, என் பையைக் குப்பைக்கூடையில் போட்டார்.