பள்ளி திறந்த அன்று ஐந்தருவிக்கு

தென்காசியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஐந்தருவி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். அந்தத் தூரத்தை உரிய பருவத்தில் கடக்க எனக்கும் என் கணவர் வேலுவுக்கும் மூன்று ஆண்டுகள் ஆயின.

காரணம் எளிது. குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூன் மாதம். பள்ளி திறப்பதும் ஜூன் மாதம். சென்னையில் இருந்தவரை, மகள் பொன்னிக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில்தான் எங்களால் இங்கே வர முடிந்தது. மூன்று மே மாதங்கள் வந்தோம். மூன்று முறையும் வெயிலில் காய்ந்த பாறையைக் காட்டி, "இதுதான் பேரருவி" என்று குழந்தைக்குச் சொல்லி, படம் எடுத்து, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ரயிலேறினோம்.

இந்த ஏப்ரலில் தென்காசிக்கே குடிவந்துவிட்டோம். நான் மென்பொருள் சோதிக்கும் பொறியாளர். பிறர் எழுதியது எங்கே, எப்போது தகராறு செய்யும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது என் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்யலாம். வேலுவுக்குச் சொந்த ஊர் இந்த மாவட்டத்தின் வடக்கே உள்ள சிவகிரி; கட்டட வரைபடம் போடுகிறார். பொன்னிக்கு இலஞ்சியில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. பள்ளி திறக்கும் திங்கட்கிழமைக்கு இருவரும் விடுப்பு எடுத்தோம். காலையில் அவளை விடுவது, மாலையில் அழைப்பது, இடையில் அருவி. இதுதான் திட்டம்.

திட்டத்தில் ஒரு கவலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பொன்னி பள்ளியில் சாப்பிட மாட்டாள். சென்னையில் யூகேஜி முழுக்க டப்பா போனபடியே திரும்பி வந்தது. சாப்பாட்டு மணி அடித்தால் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாளாம். உடம்பில் ஒன்றுமில்லை, பழகிவிடும் என்றார் மருத்துவர். பழகவில்லை. தினமும் பள்ளி வாசலில் நான் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "டப்பா காலியா வரணும்." புதுப் பள்ளியில் மூன்றரை மணி வரை வகுப்பு. இங்கேயும் பட்டினி கிடந்தால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் விடை இல்லை. முந்தின இரவு அவளையே கேட்டேன். "எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. அது மட்டும்னா சாப்பிடுவேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

காலை எட்டேகாலுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். முன்கொக்கியில் இரண்டு துணிப்பைகள். சீருடையையும் துண்டுகளையும் ஒரே நாளில் ஒரே ஜவுளிக்கடையில் வாங்கியதால் பைகளும் அச்சு அசல் ஒன்றுபோல அரக்கு நிறம். ஒன்றில் பொன்னியின் சாப்பாடு. மற்றதில் மூன்று துண்டு, மாற்றுத் துணி, குளித்தபின் தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய். "வலது பக்கம் சாப்பாடு, இடது பக்கம் குளியல்" என்று வேலுவிடம் இரண்டு முறை சொன்னேன்.

காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எந்நேரமும் காற்று தள்ளும். அந்த வழியாகப் போனோம். பொன்னியின் ரிப்பன் இரண்டும் படபடத்தன. வழக்கமாகச் சிரிப்பாள், அன்று வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

இலஞ்சிக்கு நான்கு கிலோமீட்டர். பள்ளி வாசலில் அழுகை பலவிதம்: சத்தமில்லாதது, உருண்டு அழுவது, அம்மாவின் சேலையைப் பிடித்து இழுப்பது. பொன்னி இவற்றில் எதிலும் சேரவில்லை. வேலு கொக்கியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அங்கிருந்து குற்றாலம் வரை சாலையின் இருபுறமும் வயலும் தென்னையும். எதிரே மலை பாதிக்கு மேல் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. சாரலைப் பார்க்காதவர்களுக்கு: அது மழை அல்ல. குடை பிடித்தால் பயனில்லை, பிடிக்காவிட்டாலும் பாதகமில்லை. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் காற்று தண்ணீரைப் பொடியாக்கி முகத்தில் பூசுகிறது. அடுத்த நிமிடம் வெயில் அடிக்கிறது. துடைக்கக் கையை எடுப்பதற்குள் திரும்ப வருகிறது.

டீ பதினைந்து ரூபாய். குற்றாலநாதரை வணங்கி, சித்திரசபையில் சுவர் ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டு, பேரருவிக்குப் பத்தரை மணிக்கு வந்தோம். குளிக்கத் தடை. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. காவலர்கள் கயிறு கட்டி விசில் ஊதினார்கள். எனக்கு வருத்தமே இல்லை. நாங்கள் மூன்று முறை படமெடுத்த பாறை எங்கே என்று தேடினேன். கண்ணுக்கே தெரியவில்லை.

"பாத்தியா? எங்கூர்த் தண்ணி" என்றார் வேலு, தானே திறந்துவிட்டதுபோல.

"சிவகிரியில இருந்தா வருது?"

"மாவட்டம் ஒண்ணுதானட்டி!"

கடைத்தெருவில் மங்குஸ்தான் கிலோ முந்நூறு சொன்னார்கள், அரைக்கிலோ வாங்கினோம். பன்னிரண்டேகாலுக்கு ஐந்தருவி. வண்டி நிறுத்த இருபது ரூபாய். பெண்களுக்குத் தனி வரிசை. எனக்கு முன்னால் திருவேங்கடத்திலிருந்து வேனில் வந்த பெண்கள் கூட்டம் இருந்தது. என் வயதே இருக்கும் ஒருத்தி, ஏற்கெனவே இரண்டு முறை குளித்து மூன்றாம் முறைக்கு நின்றாள்.

"எங்கூர்ல மழைக்கு வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து ஒடியுது. இங்கன சும்மா கொட்டுதுக்கா! விடலாமா?" என்றாள்.

தலைமுடியை அள்ளிக் கட்டிவிட்டு, துண்டு எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே எவர்சில்வர் டப்பா.

"ஏக்கா, அருவிக்குச் சோறா கொண்டாந்திருக்கீய? தண்ணிக்கு ஊட்டப் போறியளா?" என்று அவள் கேட்க, வரிசையே சிரித்தது. "ஐயோ, என் பொண்ணோட ஸ்கூல் சாப்பாடு!" என்று சொல்லிக்கொண்டே வரிசையை விட்டு வெளியே ஓடினேன். ஆண்கள் பக்கம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த வேலுவிடம் டப்பாவை நீட்டினேன்.

"நீ சொன்ன மாதிரி வலது பக்கப் பையத்தான குடுத்தேன்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வண்டிக்கு எதிரே நின்று பைகளை மாட்டினேன். என் வலது, ஓட்டுகிறவருக்கு இடது. மற்றவர்களின் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், இதை இரண்டு முறை சொல்லி உறுதிப்படுத்தியும் இருக்கிறேன்.

பள்ளிக்குப் போன் அடித்தோம், அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. சாப்பிடுவதாக முதல்முறை வாக்குக் கொடுத்த குழந்தை பையைத் திறந்தால் அப்பாவின் லுங்கி இருக்கும். மேசையில் கவிழ்ந்த அவள் தலைதான் எனக்கு வழியெல்லாம் தெரிந்தது. வேலு வண்டியை முறுக்கினார். திருப்பங்களில் ஹாரன் மட்டும் அடித்தார். சாரல் அவர் ஹெல்மெட் கண்ணாடியை மூடியது. நான் பின்னாலிருந்து கையை நீட்டித் துடைத்தேன்.

பள்ளி வாசலில் காவலாளி எங்களையும் டப்பாவையும் ஒருமுறை பார்த்தார்.

"அண்ணாச்சி, பை மாறிட்டு. பிள்ளைக்குச் சோறு இதுல இருக்கு" என்றார் வேலு.

"பதறாதீய. மொத நாள்னா இப்படித்தான். போன வருசம் ஒருத்தரு பைய எறக்கிவச்சிட்டு, பிள்ளைய வண்டியிலயே வச்சுக் கொண்டு போயிட்டாரு. போங்க, போங்க."

ஒன்றாம் வகுப்பு வராந்தாவின் கடைசியில். வாசலில் இளம் ஆசிரியை ஒருவர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பொன்னி அம்மாவா? வாங்க. லுங்கிய மட்டும் நான் எடுத்து பீரோவுல வச்சிட்டேன்."

"மிஸ், அவ சாப்பிடல இல்லையா?"

"நீங்க உள்ள பாருங்க."

சன்னல் வழியாகப் பார்த்தேன். தரையில் வட்டமாகப் பிள்ளைகள். வட்டத்துக்குள் பொன்னி. கழுத்தில் எங்கள் துண்டு. ஒரு பெண் நீட்டிய இட்லியை வாங்கி, வேறொரு பையனின் டப்பாவில் இருந்த சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. மென்றுகொண்டே எதையோ சொன்னாள். எதிரே இருந்தவனுக்குச் சிரிப்பில் புரை ஏறியது.

ஆசிரியை நடந்ததைச் சொன்னார். "காலையில பிரேயர்ல நிக்கும்போதே சாரல் வந்துட்டு. எல்லாருக்கும் தலையெல்லாம் ஈரம். பாதிப் பேரு அழுதான், பாதிப் பேரு தும்முதான். துண்டுக்கு எங்கன போகன்னு நான் முழிக்கேன். ஒங்க பொண்ணு பையத் தொறந்து மூணு துண்டை எடுத்து நீட்டுதா! அவளே ரெண்டு பேருக்குத் தொவட்டியும் விட்டா. அதுல இருந்து எல்லாம் அவகூடத்தான் ஒட்டிக்கிட்டுத் திரியுது. சோறு இல்லன்னதும் ஆளுக்கு ஒரு வாய் குடுத்திட்டாங்க. எண்ணெய்ப் பாட்டில மட்டும் நான் பிடுங்கி வச்சிட்டேன். எல்லாருக்கும் தலைக்குத் தேச்சு விடப் போறேன்னு நின்னா."

வேலு சட்டென்று வராந்தாவின் அந்தப் பக்கம் திரும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரல் என்று சொன்னார். வராந்தாவுக்குள் சாரல் அடிக்கவில்லை.

பொன்னி எங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்யப்பட்டவளின் முகம்.

"ஏன் வந்தீங்க? பெல் அடிக்கலயே."

"உன் சாப்பாடுடா. எலுமிச்சை சாதம்."

"எனக்கு வயிறு ஃபுல்லு. நீங்க சாப்பிடுங்க."

"துண்டையாவது கொடு, குளிக்கணும்" என்றார் வேலு.

"துண்டு வேணும்ப்பா. மத்தியானமும் சாரல் வரும்" என்று கழுத்திலிருந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான்கு அடி உள்ளே போனவள் திரும்பி வந்து என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"அம்மா, டப்பா காலியா வரணும்."

மாற்றுத் துணியையும் எண்ணெயையும் மட்டும் வாங்கிக்கொண்டு, துண்டே இல்லாமல் மறுபடி ஐந்தருவிக்குப் போனோம். இந்த முறை மெதுவாக. வேலு ஒரு பழைய பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு ஓட்டினார்; சுருதி எங்கேயோ இருந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

திருவேங்கடத்துப் பெண் இன்னும் அங்கேயே இருந்தாள், உதடெல்லாம் வெளுத்து. "வந்துட்டியளா! பிள்ளை சாப்பிட்டுட்டா?"

"ஊர்ச்சோறெல்லாம் சாப்பிட்டுட்டா."

"அப்புறம் என்ன, வாங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நேரே அருவிக்கு அடியில் நிறுத்தினாள்.

ஐந்தருவியின் தண்ணீர் தலையில் விழுவதில்லை, தட்டுகிறது. முதல் தட்டில் மூச்சு நின்றது. இரண்டாவதில் அலுவலகம் மறந்தது. அதன் பின் எதையும் என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. காதுக்குள் ஓசை, தோளில் கனம், சுற்றிலும் பெண்களின் கூச்சல். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சத்தமாகக் கத்தியது அன்றுதான்.

வெளியே வந்து வேலுவின் லுங்கியால் இருவரும் தலை துவட்டினோம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். ஈரக் கையோடு, நடுங்கும் பல்லோடு சாப்பிட்ட அந்த எலுமிச்சை சாதத்தைப் போல நான் சமைத்த எதுவும் ருசித்ததில்லை. ஒரு குரங்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து உருளைக்கிழங்கையே பார்த்தது. "உனக்கு இல்லலே, மேலிடத்து உத்தரவு" என்று வேலு டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டார். குரங்கு மங்குஸ்தானோடு சமாதானமானது.

சென்னைப் பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேசை, தனி விரிப்பு. பங்கிடக் கூடாது என்பது விதி. சுத்தமான விதி, நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் மகளுக்கு வேண்டியிருந்தது வேறு: பசியோடு உட்கார ஒரு வட்டம், கொடுக்கக் கையில் ஏதாவது ஒன்று. அதை நான் திட்டம் போட்டு ஒருபோதும் செய்திருக்க மாட்டேன்.

மூன்றரைக்கு மணி அடித்தது. பொன்னி துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நான்கு பேருக்குக் கையசைத்துவிட்டு வந்தாள். வண்டியில் ஏறவில்லை. முதலில் கையை நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"கருவேப்பிலைய மட்டும் ஏன் மிச்சம் வச்சிருக்கீய?"

காலையில் அவளிடம் இல்லாத தென்காசிப் பேச்சு அது. நான் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தேன். அவளே ஊட்டிவிட்டாள்.