நூல் பிடித்து வெட்டிய பதுங்குகுழி

குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டும் வேலையில்தான் அவருக்கு நூல்காரர் என்று பெயர் வந்தது. இரண்டு முனையிலும் முளை அடித்து, நூல் கட்டி, அதற்கு இம்மியும் பிசகாமல் வெட்டுவார். பேச்சுதான் வராது. வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்பா" என்பாள். அதன்பிறகு ஒருவர் மூச்சு விடுவதை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். லீவில் வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் தான் விளையாடும் போர் விளையாட்டை ஏற்றி, ஹெட்போன் மாட்டிவிட்டு, தன் அணியிலேயே அவரையும் சேர்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம்.

அவர் துப்பாக்கியைத் தூக்கினால் குண்டு வானத்துக்குத்தான் போகும். மண்வெட்டியைக் கொடுத்ததும் ஆளே மாறிப்போனார். அவர் பதுங்குகுழி வெட்ட, அவள் பக்கத்தில் படுத்துக் காவல் இருப்பாள். கைக்கு வேலை கிடைத்ததும் அவருடைய வாயும் திறந்துகொண்டது. அவளும் வார்டில் திட்டு வாங்கியதை, அறைத்தோழி கல்யாணமாகிப் போனபின் தனியாகச் சாப்பிடுவதை எல்லாம் சொன்னாள். போனில் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, பாலத்தைக் காக்கும் ஆட்டம். கரையிலிருந்து பாலம் வரை நூல் பிடித்தாற்போல் ஒரே நேராக வெட்டிவிட்டார். தண்ணீர் வடிய லேசான வாட்டம் வேறு. அந்த விளையாட்டில் மழையே கிடையாது. எதிரணியில் ஒரே ஒருவன் ஒரு முனையில் குதித்து இயந்திரத் துப்பாக்கியை நீட்டினான். மறுமுனை வரை படுத்திருந்த ஒன்பது பேரும் ஒரே மூச்சில் காலி. அவளும்தான்.

அணியின் கேப்டன் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன்; மரியாதையாகத்தான் சொன்னான். "அண்ணே, இதுல குழாய் போடலாம், சண்டை போட முடியாது." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் இப்படியென்றால் வேறு ஆளைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னான்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டம் போனால் போகட்டும். மறுபடி அந்த "சாப்பிட்டியா"வுக்குத் திரும்ப வேண்டுமே என்பதுதான் உறுத்தியது.

வியாழக்கிழமை ஒரு மரத்தைச் சுற்றிக் குழாயைத் திருப்ப வேண்டியிருந்தது. தண்ணீரின் வேகம் வளைவில்தான் முட்டும். அதனால் அங்கே குழாய்க்குப் பின்னால் கான்கிரீட்டால் முட்டுக் கொடுப்பார்கள். கலவையைக் கொட்டிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா, நூல் அறுந்துபோச்சா?" என்றார் மேஸ்திரி.

"ஆமாங்க" என்றார் இவர், சந்தோஷமாக.

ஞாயிறன்று அதே பாலம். பத்தடிக்கு ஒரு திருப்பம் வைத்து வெட்டினார். கை நேராகவே போகப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் மண்ணை முட்டாகக் குவித்தார். எதிரி வந்தான், குதித்தான், சுட்டான். குண்டு அத்தனையும் முதல் திருப்பத்து மண்ணில் போய்ப் புதைந்தது. இரண்டாவது திருப்பத்தில் காத்திருந்த மகள் எழுந்து அவனை முடித்தாள். பாலம் தப்பியது.

"அடுத்த வாரமும் மூணு மணிக்குத்தான் அண்ணே, லேட் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். களத்தில் இவர்கள் இருவர் மட்டும்.

"அப்பா, போன வாரம் நான் சிரிக்கலப்பா."

"தெரியும்மா. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

பிறகு அவள், தான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்ட நோயாளி செவ்வாய்க்கிழமை இறந்துபோனதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் மண்வெட்டியை எடுத்து அடுத்த திருப்பத்தை வெட்டத் தொடங்கினார். சுட ஆளில்லாத களத்தில், அவள் சொல்லி முடிக்கும்வரை வெட்டிக்கொண்டே இருந்தார்.