அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கோட்டை ஏறிய ஞாயிறு

நாமக்கல் கோட்டைப் பாறையின் சூடு என் உள்ளங்கால்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினால், பங்குனி மாதத்தில் காலை வெயிலுக்கே கல் சுடத் தொடங்கிவிடும். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நடந்து, எங்காவது துண்டு நிழல் தென்பட்டால் ஓடிப்போய் அதில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றுகொள்வேன். ஊரின் நடுவில் ஒரே கல்லாக எழுந்து நிற்கும் அந்தப் பாறையின் தலையில் கோட்டை, இடுப்பைக் குடைந்து ஒருபுறம் நரசிம்மர், மறுபுறம் அரங்கநாதர், கீழே கமலாலயக் குளம், எதிரில் கூரையில்லாத சன்னதியில் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எனக்கும் என்னைப் பெற்றவர்களுக்கும் அதுதான் வீடு மாதிரி இருந்தது.

நான் ஐந்தாவது முடித்த கோடையில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அப்பா கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டினார். அம்மா சேலம் பக்கம் இளம்பிள்ளை என்ற ஊரில் இருந்த மாமா வீட்டுக்குப் போய், அங்கே ஒரு சேலைக் கடையில் புடவை மடித்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் யாரிடம் இருப்பது என்று புதுச்சத்திரத்தில் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். "புள்ளைய ஆஸ்டல்ல உட்டுருங்க, நல்லாப் படிக்கட்டும். மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று பெரியப்பா சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். நாமக்கல்லில் விடுதிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தகரப் பெட்டியோடும் புது வாளியோடும் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து பிள்ளையை வெளியே அழைத்துப் போகலாம். விடுதியில் நாங்கள் அதைப் "பாக்கற நாயித்துக்கெழமை" என்போம். ஒரு மாதம் அப்பா, மறுமாதம் அம்மா என்று முறை வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். என்னைக் கூட்டிப்போக இருவருக்குமே இடமில்லை. அப்பா லாரிப் பட்டறை மாடியில் நாலைந்து டிரைவர்களோடு தங்கியிருந்தார். இளம்பிள்ளைக்குப் போய்விட்டு மாலைக்குள் திரும்ப முடியாது. அதனால் இருவரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள்.

அம்மாவுக்கு உயரம் என்றால் தலைசுற்றும். அவளோடு போனால் எல்லாம் கீழேதான். ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, நரசிம்மரைப் பார்த்து, பிறகு குளத்துப் படியில் உட்கார்ந்து என் சடையைப் பிரித்துப் பேன் பார்ப்பாள். விடுதியின் இரண்டு மாத அழுக்கை அன்று ஒரே பகலில் எடுத்துவிட நினைப்பவள்போல அவள் விரல்கள் வேகமாக நகரும். அப்பாவோடு போனால் நேராக உச்சிதான். அவர் பெரும்பாலும் "லைனிலிருந்து", அதாவது லாரிப் பயணத்திலிருந்து, தூங்காமல் வந்திருப்பார். மதில் நிழலில் உட்கார்ந்து, "அதா பாரு சாமி, அதுதான் பரமத்தி ரோடு, அப்பா அப்படித்தான் போவேன்" என்று கை காட்டிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிவிடுவார். எழுப்ப மனசு வராது. நான் மட்டும் மதிலையொட்டிச் சுற்றுவேன். வீரர்கள் துப்பாக்கி நீட்டுவதற்காக விட்ட துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்து ஊரைப் பார்ப்பேன். காற்றின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. யாராவது குடும்பமாக ஏறி வந்தால், அப்பாவின் அருகில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு முறை அம்மாவால் வர முடியவில்லை, காய்ச்சல். அதற்குப் பதிலாக அடுத்த மாதம் வருவதாகப் பெரியப்பா மூலம் சொல்லி அனுப்பினாள். அப்பா லைனில் இருந்ததால் சேதி எட்டவில்லை. அந்த ஞாயிறு நான் வாசலுக்கு வந்தபோது, கேட்டின் ஒரு பக்கம் அம்மா டிபன் கேரியரோடும், மறுபக்கம் அப்பா முறுக்குப் பொட்டலத்தோடும் நின்றார்கள்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் அடுத்த மாசம் வாரேன்" என்றாள் அம்மா.

"அத்தன தூரம் பஸ்ஸேறி வந்துட்டு எதுக்குத் திரும்பிப் போற? நீயே கூட்டிட்டுப் போ."

இருவரும் நகரவில்லை. கடைசியில் அம்மா குனிந்து, "நீயே சொல்லு கண்ணு, ஆரு கூட வார?" என்று கேட்டாள்.

நான் இருவர் முகத்தையும் பார்க்காமல், "கோட்டைக்கு" என்றேன்.

மூவரும் நடந்தோம். அடிவாரத்தில் அம்மா நின்றுவிடுவாள் என்று நினைத்தேன், செருப்பைக் கழற்றினாள். பாதிப் படியில் கீழே பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்னால் போன அப்பா திரும்பி இறங்கி வந்தார். கையை நீட்டவில்லை. தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை நீட்டினார். அவள் சற்றுநேரம் அதையே பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவே அந்தத் துண்டு விறைப்பாக நிற்க, உச்சி வரை அப்படியே ஏறினார்கள். நான் பின்னால் ஏறினேன்.

மேலே காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது. "இத்தன நாளா இங்கயா வந்து ஒக்காந்திருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புளிச்சோறும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பேருக்கானதை மூடியிலும் தட்டிலுமாக மூவருக்குப் பிரித்தாள். "நாளெல்லாம் முட்டையச் சொமக்கறவனுக்கு இங்கயும் முட்டையா?" என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டாள். அவர் பேச்சுக்கு அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

சாப்பிட்டதும் "போய் வெளையாடு கண்ணு" என்று அனுப்பினார்கள். நான் மதிலையொட்டிச் சுற்றி வந்தேன். திரும்பி வரும்போதெல்லாம், மதிலில் சாய்ந்து இருவரும் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று மறுபடியும் சுற்றப் போனேன். வெளியூர்ப் பெண் ஒருத்தி, தனியாகத் திரிகிறேனே என்று நிறுத்தி, "ஆரு கூட வந்திருக்க பாப்பா?" என்று கேட்டாள்.

"அப்பா அம்மா கூட வந்தனுங்க. அதா ஒக்காந்திருக்காங்க" என்று கை நீட்டிக் காட்டினேன். அவள் போன பிறகும் கையைக் கீழே இறக்கத் தோன்றவில்லை.

அன்று விடுதிக்குத் திரும்பியதும் பக்கத்துக் கட்டில்காரியிடம், அடுத்த வருடம் நான் இங்கே இருக்கமாட்டேன், வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போவேன் என்று சொன்னேன். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அப்பா தனியாக வந்து என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்; கண்ணாடி வந்தது. அதற்கடுத்த மாதம் குளத்துப் படியில் என் தலையைப் பிரித்தபடி அம்மா சொன்னாள்: "கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சுது சாமி. இனி அப்பா ஊடு வேற, நம்ம ஊடு வேற." முகத்தைப் பார்க்க முடியாதபடி என்னை முன்னால் திருப்பி உட்கார வைத்திருந்தாள். மேலே அவ்வளவு நேரம் இதைத்தான் பேசியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் சந்தோஷமாகச் சுற்றிச் சுற்றி வந்த நேரத்தில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள் என்ற எண்ணம் பல வருடங்கள் என்னை விடவில்லை. பள்ளி முடிந்த பிறகு நாமக்கல் வழியாகப் பேருந்தில் போனால்கூடப் பாறை இருக்கும் பக்கம் உட்காரமாட்டேன்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். சேலத்தில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சொட்டு மருந்து விட்டுவிட்டு அவள் கண்மூடிக் கிடந்த ஒரு மத்தியானம், அன்றைக்கு மேலே என்னம்மா பேசினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"என்னத்தப் பேசுனோம்... ஆஞ்சநேயர் கோயில் எங்க இருக்குதுன்னு ஒங்கப்பா கேட்டதுக்கு, நீ வேற எங்கியோ கையக் காட்டுன. புள்ளைக்குக் கண்ணு தெரியலியோன்னு அவரு ரொம்பப் பயந்துட்டாரு. எந்த டாக்டருகிட்டக் காட்டறது, ஆரு கூட்டிட்டுப் போறதுன்னு பேசிட்டிருந்தோம்."

"வேற ஒண்ணுமே பேசலியா?"

"வேற என்ன கெடக்குது? மத்ததெல்லாம் அதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சே சாமி."

இந்தப் பங்குனியில் நான் தனியாகப் போய் ஏறினேன். நான் தங்கியிருந்த விடுதிக் கட்டடம் இப்போது இல்லை, பட்டறை இருந்த இடத்தில் ஏதோ ஷோரூம் நிற்கிறது, பேருந்து நிலையமும் ஊருக்கு வெளியே போய்விட்டது. அப்பா வேறொரு குடும்பத்தோடு ஈரோட்டுப் பக்கம் இருக்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்வார். உச்சியில் அவர்கள் இருவரும் சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினேன். மதில் முழுக்க ஒரே மாதிரி இருந்தது. நின்ற இடமெல்லாம் அதுவாகத்தான் தோன்றியது. எந்தப் பக்கம் அம்மா, எந்தப் பக்கம் அப்பா என்பதும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அவளும் மறந்துவிட்டதாகச் சொன்னால் அப்புறம் அதைக் கேட்க உலகத்தில் ஒருவர்தான் மிச்சம், அவரிடம் இதைக் கேட்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஏதோ ஒரு இடத்தில் மதிலில் சாய்ந்து உட்கார்ந்தேன்.