கருப்பியின் தாய்வழி

பனியில் வண்டி இழுக்கும் அரிய நாயினத்துக்கு எங்கோ விழா எடுப்பதை மகள் செல்போனில் காட்டினாள். நாய்கள் சேர்ந்து ஊளையிட்டதும் நான் நினைவில் ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கே போய்விட்டேன்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். இன்று அம்பத்தூரில் இரண்டு பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கான தைரியம் எனக்குப் பத்து வயதிலேயே உண்டு. அப்போதெல்லாம் காணும் பொங்கலன்று குவார்ட்டர்ஸில் குடியிருந்த கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள், தங்கள் ஊர் வேட்டை இனமான கன்னி நாய்களோடு அந்த மைதானத்தில் கூடுவார்கள். சீயக்காயும் ஈர ரோமமும் கலந்து மணக்கும். நாயின் தாய், பாட்டி பெயரைச் சொன்னால்தான் வரிசையில் இடம். பாரிவாக்கத்திலிருந்து என் கருப்பியை நடத்தியே கூட்டிப்போனேன்.

“ஆத்தா ராணி, சரி. ராணிக்கு ஆத்தா யாருலே?” என்றார் வரிசையை நடத்திய பெரியவர்.

“தெரியாது. ராணி தானா எங்க ஊட்டாண்ட வந்துச்சு.”

“தெருநாயைக் கொண்டாந்துட்டான்டோய்!” என்று சிரித்தார்கள்.

கண் கலங்கியது. ஆனாலும் நகரவில்லை.

“இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? ராணிலேர்ந்து எண்ணிக்கோங்க!”

பெரியவர் கருப்பியின் விலாவைத் தடவி, கன்னி நாயின் வாகு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தன் நாயைத் தள்ளி நிறுத்தி இடம் விட்டார்.

கருப்பி ஈன்றதும் அவரே வந்து ஒரு குட்டியைக் கேட்டு வாங்கிப்போனார். அடுத்த பொங்கலுக்கு அதைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, “ஆத்தா கருப்பி, பாட்டி ராணி” என்றார். மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை.